மொக்தாரா, ஆறுமுகமா? பந்துப் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தைக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி வருஷக்கணக்காகிறது. ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். கால்பந்து விஷயத்திலும் அப்படியே. சிலாங்கூரின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று யாராவது வாயைத் திறந்தால், 1970களில் மெர்டேக்கா அரங்கத்தில் ஆடியவர்களின் பெயர்தான் முதலில் வந்து விழும். பிறகு அரை மணி நேரம் கத்தல். தே தாரிக் ஆறி ஆடை கட்டிவிடும். கடைசியில் ஒருவர் கோபித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிப் போய்விடுவார்.

சண்டை போடுவதில் தப்பே இல்லை. பந்தைப் பற்றிச் சண்டை போடாத தோட்டம் எதுவும் எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்தில் இருந்ததில்லை. ஆனால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து காது கொடுத்தால் ஒன்று புரியும்: பாதி நேரம் அங்கே கருத்து வேறுபாடே கிடையாது. ஒருவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறார்; எதிரே இருப்பவர் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார். கேள்வி எது என்று இருவரும் கேட்டுக்கொள்வதே இல்லை. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்து முளைப்பவைதான்.

எந்த ஜெர்சி என்று கேட்காமல் தொடங்குவது

“நம்ம டீம்” என்று சொல்லும்போது எந்த டீம்? சிவப்பும் மஞ்சளும் போட்ட சிலாங்கூரா, நாட்டு அணியா? 1970களின் தாக்குதல் ஆட்டக்காரர் மொக்தார் டஹாரி இரண்டிலும் ஆடியதால் அவரைப் பற்றிப் பேசும்போது இந்தக் குழப்பம் வெளியே தெரியாது. மற்றவர்களிடம் வரும்போதுதான் வண்டி குடைசாயும்.

பம்பாங் பமுங்காஸை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தோனேசியக்காரர். 2005 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் பெர்லிஸை சிலாங்கூர் 3-0 என்று அடித்தது. மூன்று கோலும் அவருடையவை. அந்த வருஷம் சிலாங்கூர் மூன்று கிண்ணங்களைத் தூக்கியது. இருபது வயதில் அதைப் பார்த்த ஒருவர் “என் காலத்தில் சிலாங்கூருக்கு அவரைவிடப் பெரியவர் இல்லை” என்றால் அதில் நியாயம் இருக்கிறது. உடனே பக்கத்து மேசையிலிருந்து, “வெளிநாட்டுக்காரனை எப்படிலா சேர்க்கிற? அதுவும் அப்போ நாம ரெண்டாவது டிவிஷன்ல கிடந்தோம்” என்று குரல் வரும். இரண்டாவது டிவிஷன் என்பது உண்மைதான், லீக்கில் அப்போது சிலாங்கூர் இறங்கித்தான் இருந்தது. ஆனால் கேள்வி என்ன? சிலாங்கூர் ஜெர்சியில் சிறந்தவர் யார் என்பதா, சிலாங்கூர் மண்ணில் விளைந்தவர்களில் சிறந்தவர் யார் என்பதா? முதல் கேள்வியில் பம்பாங் உண்டு. இரண்டாவதில் இல்லை.

கெடா பக்கம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இதையே இன்னொரு உருவத்தில் பார்த்திருப்பார்கள். அங்கே வி. சுந்தரமூர்த்தி பேச்சு வந்தால் சிங்கப்பூர் ஆட்டக்காரர் என்றே யாரும் சொல்லமாட்டார்கள். 1990இல் கெடா மலேசியக் கிண்ணத்தை வென்றது சிங்கப்பூரைத் தோற்கடித்துத்தான்; அப்போது சுந்தரம் கெடா பக்கம். சுங்கைப் பட்டாணிக்காரருக்கு அவர் கெடாக்காரர். சிங்கப்பூர்க்காரருக்கு அவர் சிங்கப்பூர்க்காரர். இரண்டு பேரும் சரி.

ஆகவே பேச்சைத் தொடங்கும்போதே ஜெர்சியைச் சொல்லிவிடுங்கள், வருஷத்தையும் சொல்லிவிடுங்கள். பாதிக் கத்தல் குறையும். சிலருக்கு அதனால் சுவாரஸ்யமும் குறையும். அவர்கள் கத்துவதற்காகவே வருகிறவர்கள், அவர்களை விட்டுவிடலாம்.

எண்ணைத் தூக்கி மேசையில் போட்டுவிட்டு ஜெயித்துவிட்டதாக நினைப்பது

இளைஞர்கள் செய்யும் தவறு இது. கைப்பேசியைத் திறந்து ஓர் எண்ணைக் காட்டுவார்கள். “பாருங்கண்ணே, 89 கோல், 142 ஆட்டம்.” இன்னொருவர் தன் கைப்பேசியைத் திருப்புவார்: “எனக்கு 125ன்னு காட்டுது.” இரண்டும் மொக்தாரைப் பற்றியவைதான். யாரும் பொய் சொல்லவில்லை.

நாடும் நாடும் தத்தம் முழு அணியை இறக்கி ஆடுவதுதான் அதிகாரபூர்வமான அனைத்துலக ஆட்டம். அந்தக் காலத்தில் மலேசியா அப்படி மட்டும் ஆடவில்லை. சுற்றுப்பயணம் வந்த கிளப் அணிகளோடு ஆடியது, இரண்டாம் நிலை தேசிய அணிகளோடு ஆடியது, மாநிலத் தேர்வு அணிகளோடும் ஆடியது. பார்க்கப் போனவர்களுக்கு எல்லாமே மலேசியா ஆட்டம்தான். டிக்கெட் காசு ஒன்றுதான், கூட்டமும் ஒன்றுதான். எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் 125. முழு அனைத்துலக ஆட்டங்களை மட்டும் எண்ணினால் 89. தற்காப்பு ஆட்டக்காரர் சோ சின் ஆன் விஷயத்திலும் இதே கதை. ஃபிஃபா கணக்கில் அவருக்கு 195 ஆட்டங்கள். மற்றவற்றையும் சேர்த்து எண்ணுகிறவர்கள் 200-ஐத் தாண்டிப் போவார்கள்.

இதில் யாரும் கவனிக்காத ஒரு வேடிக்கை இருக்கிறது. மொக்தார் என்றதும் எல்லாரும் சொல்வது இரண்டு கதைகள். 1975இல் அர்செனல் வந்தபோது சிலாங்கூர் தேர்வு அணி 2-0 என்று வென்றது, இரண்டும் மொக்தார் அடித்தவை. 1978இல் இங்கிலாந்து பி அணியோடு 1-1 என்ற சமநிலை, அதில் மொக்தார் தனியாகப் பந்தைக் கொண்டுபோய் அடித்த கோல். முதல் கதையில் அவர் போட்டிருந்தது நாட்டு ஜெர்சியே இல்லை. இரண்டாவதில் எதிரணி இங்கிலாந்தின் முழு அணி இல்லை. அதனால் அந்த மூன்று கோல்களுக்கும் 89-இல் இடம் கிடையாது. நாம் அவரைப் பெரியவர் என்று சொல்லக் காரணமான கோல்களும் நாம் ஆதாரமாகக் காட்டும் எண்ணும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை! எண்ணை நம்புகிறவர் அந்தக் கோல்களை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தக் கோல்களை நம்புகிறவர் எண்ணை ஓரமாக வைக்க வேண்டும். எனக்குக் கேட்டால் எண்ணை ஓரமாக வைப்பேன்.

இங்கிலாந்து பி அணி என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலர் அதைக் கேட்டதும் “பி அணிதானே” என்று உதட்டைப் பிதுக்குவார்கள். பெயரில்தான் பி. அவர்கள் அன்றாடம் சோறு தின்றதே பந்தை வைத்து. நம் ஆட்களுக்கு அப்படியில்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

சொல்லச் சொல்ல வளரும் கோல்

அந்த 1978 கோலைப் பற்றி எங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். ஒருவர் நடுக்கோட்டிலிருந்து ஓடினார் என்பார். இன்னொருவர் தன் பாதித் திடலிலிருந்தே என்பார். மூன்று பேரை வெட்டினார், ஐந்து பேரை, ஏழு பேரை. அடுத்த தலைமுறை சொல்லும்போது மொக்தார் கோல் காவலரிடமிருந்தே பந்தை வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பார்.

இது பொய் சொல்லும் புத்தி இல்லை. இந்த நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி வந்ததே 1978 கடைசியில்தான். தோட்டத்தில் பல லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) அப்போது மின்சாரம் சாயங்காலம் சில மணி நேரம்தான். பலர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, வானொலியில் கேட்டார்கள். வானொலியில் கேட்ட கோல் தலைக்குள் ஓடுகிற கோல். ஒவ்வொருவர் தலையிலும் அது ஒவ்வொரு நீளம். பார்த்தவர் யார், கேட்டவர் யார், கேட்டவரிடம் கேட்டவர் யார் என்று பிரித்துக்கொண்டால் போதும். “நீங்க அரங்கத்துல இருந்தீங்களா மாமா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். சந்தேகப்படும் குரலில் கேட்காதீர்கள், கதை அப்படியே நின்றுவிடும்.

இதைவிட மோசமான கலப்படம் சினிமாவால் வந்தது. 2016இல் வந்த ‘ஓலா போலா’ படத்தைப் பார்த்த பிறகு 1980 ஒலிம்பிக் தகுதிச் சுற்றைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் படத்தைத்தான் பேசுகிறார்கள். படத்தில் வரும் கோல் காவலர் முத்து. நிஜத்தில் கம்பத்துக்கு நடுவே நின்றவர் ஆர். ஆறுமுகம். முத்துவின் வீட்டுக் கதையை ஆறுமுகத்தின் தலையில் கட்டுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். படம் உண்மைச் சம்பவத்தைத் தொட்டு எடுக்கப்பட்டது, பாத்திரங்கள் கற்பனை. உண்மையில் நடந்தது இது: மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை மலேசியா 2-1 என்று வென்று மாஸ்கோவுக்குத் தகுதி பெற்றது. ஆனால் போகவில்லை; புறக்கணித்த நாடுகளோடு மலேசியாவும் சேர்ந்துகொண்டது. ஒலிம்பிக்கில் நிஜமாகவே போய் ஆடியது அதற்கு முந்தைய தலைமுறை, 1972இல் முனிச்சில். அமெரிக்காவை 3-0 என்று அடித்தார்கள். மேற்கு ஜெர்மனியிடம் 0-3, மொரோக்கோவிடம் 0-6. “எண்பதுல ஒலிம்பிக் ஆடுன டீம்” என்று யாராவது ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். இந்த இரண்டு அணிகளையும் போட்டுக் குழப்புவதுதான் எங்கள் ஊரில் அதிகம் நடப்பது.

கோல் அடித்தவர் பெயரை மட்டும் ஞாபகம் வைப்பது

இந்தத் தவறுதான் எனக்கு உறுத்துகிறது. சிறந்த ஆட்டக்காரர் பட்டியல் போடச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் தாக்குதல் ஆட்டக்காரர்கள். ஒரு அணியில் பதினொரு பேர் இருப்பது பட்டியல் போடும்போது மறந்துபோகிறது.

அதே 1980 ஆட்டத்தின் வெற்றி கோல் ஜேம்ஸ் வோங் அடித்தது. சரி. அந்தப் பந்து அவர் காலுக்கு எப்படி வந்தது? ஹசான் சானி பந்தைக் கொண்டு ஓடி, தடுத்தவரைத் தாண்டிக் கொடுத்தது. இருவரும் சபா அணியில் சேர்ந்து ஆடியவர்கள். ஒருவர் ஓடும்போதே மற்றவர் எங்கே நிற்பார் என்று தெரியும். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் அந்தக் கோல் இல்லை.

இன்னும் பக்கத்தில் வருவோம். 2010 டிசம்பர் 26, புக்கிட் ஜாலில். தென்கிழக்காசியக் கிண்ண இறுதியின் முதல் ஆட்டம். இந்தோனேசியாவை 3-0 என்று அடித்தோம், சாஃபி சாலிக்கு இரண்டு, அஷாரி சம்சுடினுக்கு ஒன்று. இரவெல்லாம் ஊரில் பட்டாசு. இப்போது அந்த முதல் கோலின் காணொளியை எடுத்து, சாஃபியைப் பார்க்காமல் நோர்ஷாருல் இட்லானை மட்டும் பாருங்கள். கோல் கோட்டோரம் பந்து அவரிடம் இருக்கிறது. முன்னால் மாமான் நிற்கிறார், இந்தோனேசியாவின் தற்காப்பு ஆட்டக்காரர். இடமே கிடையாது, சாதாரண ஆட்டக்காரராக இருந்தால் பந்தை அவர் காலில் இடித்து ஒரு கார்னர் வாங்கிக்கொண்டு திருப்திப்பட்டிருப்பார். நோர்ஷாருல் அவரை ஏமாற்றித் திருப்பி, கோட்டுக்கும் அவருக்கும் நடுவே இருந்த சந்தில் நுழைந்து, பந்தை கோல் வாயிலுக்குக் குறுக்கே தள்ளுகிறார். சாஃபி செய்ய வேண்டியது அங்கே இருப்பது ஒன்றுதான். அங்கே இருப்பதும் ஒரு திறமைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோலை ஒட்டுக்கடையில் சொல்லும்போது நோர்ஷாருல் பெயரை விட்டுவிட்டுச் சொல்கிறவருக்கு அந்த ஆட்டம் மறந்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் இரண்டாம் ஆட்டம். அதில் நாம் தோற்றோம், 1-2. மொத்தக் கணக்கில் 4-2 என்று கிண்ணம் நமக்கு. அந்த ஆட்டத்தின் முதல் பாதியில் இந்தோனேசியாவுக்கு ஒரு பினால்டி. ஃபிர்மான் உதினா அடித்தார், கைருல் ஃபாமி பிடித்தார். கெலோரா புங் கார்னோ அரங்கம் நிறையக் கூட்டம். அது உள்ளே போயிருந்தால், இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் கிடக்க, கூட்டத்தின் சத்தமே நம் ஆட்களை முழுங்கியிருக்கும். என் கணக்கில் அந்தக் கிண்ணத்தை நமக்குக் கொடுத்த ஒரே ஒரு செயலைச் சொல் என்றால் சாஃபியின் எந்தக் கோலும் இல்லை, இந்தப் பினால்டிதான். இதைச் சொன்னால் எங்கள் கடையில் இன்றும் பாதிப் பேர் ஒத்துக்கொள்வதில்லை.

கோல் காவலர் பேச்சு வந்தால் ஆறுமுகம் வராமல் முடியாது. நீளக் கைகள், ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே கூப்பிட்டது. அவரைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எல்லாரும் பாய்ந்து பிடித்த பந்தைத்தான் சொல்வார்கள். எங்கள் கடைக்கு வரும் ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) ஒருவர் மட்டும் வேறு மாதிரி சொல்வார். இரண்டு கிளாஸை கோல் கம்பமாக நிறுத்துவார். உப்புப் போத்தல் ஆறுமுகம். ஓரத்திலிருந்து பந்து உயரமாக வருகிறது என்று ஒரு தீப்பெட்டியை மெல்ல நகர்த்துவார். அந்தத் தீப்பெட்டி பாதி வழி வருவதற்குள் உப்புப் போத்தல் கோட்டை விட்டு முன்னே வந்து நின்றிருக்கும். “பாய்ஞ்சதெல்லாம் அப்புறம். அவன் முன்னாலயே வந்துருவான்டா. அதுனாலதான் சோ சின் ஆனும் சந்தோக்கும் பயமில்லாம முன்னேறி நிப்பாங்க.” அங்கேதான் விஷயம். ஒரு கோல் காவலர் எங்கே நிற்கிறார் என்பதால் அவருக்கு முன்னால் இருக்கும் இருவர் எங்கே நிற்கலாம் என்பது மாறுகிறது. அதற்கு எந்த ஏட்டிலும் எண் இல்லை.

சந்தோக் சிங்கும் சோ சின் ஆனும் ஜோடியாகத் தற்காப்பில் நின்ற காலத்தைப் பேசும்போதும் இதையே கவனியுங்கள். நல்ல தற்காப்பு ஆட்டக்காரரின் சிறந்த நாள் என்பது எதுவுமே நடக்காத நாள். ஞாபகம் வைப்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் பட்டியலில் அவர்கள் வருவதில்லை.

ஒரே பெயர், இரண்டு ஆள்

சின்ன விஷயம், ஆனால் தினமும் நடப்பது. எஸ். ராஜகோபால் சிங்கப்பூர்க்காரர், 1970களில் வளைத்து அடிக்கும் பந்துக்குப் பேர்போனவர், ‘ஒட்டகம்’ என்று பட்டப்பெயர். கே. ராஜகோபால் நம்மவர், சிலாங்கூருக்கு ஆடியவர், பிறகு பயிற்றுநராகி 2009 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டித் தங்கத்தையும் 2010 கிண்ணத்தையும் வாங்கித் தந்தவர். ஒருவர் அடித்த வளைவுப் பந்தை மற்றவர் கணக்கில் எழுதி முடித்து, அதன் மேல் ஒரு மணி நேரம் வாதாடியவர்கள் உண்டு. நம் பெயர்களில் முதலெழுத்தை விடாதீர்கள். அவ்வளவுதான்.

காலத்தைக் கழற்றிவிட்டு ஒப்பிடுவது

“மொக்தார் இப்போ ஆடினா ஜே.டி.டி.யில இடம் கிடைக்குமா?” ஜே.டி.டி. என்பது ஜொகூர் டாருல் தாக்சிம் அணி. இந்தக் கேள்வியைக் கேட்கிறவர் பதிலை முன்பே வைத்திருப்பார். அவரோடு வாதாடி ஒன்றும் ஆகாது. கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: இன்றைய ஆட்டக்காரரை 1975க்கு அனுப்பினால்?

அப்போது பந்தாட்டம் யாருக்கும் முழுநேரத் தொழில் இல்லை. இங்கே அரை நிபுணத்துவ லீக் வந்ததே 1989இல், முழு நிபுணத்துவம் 1994இல். அதற்கு முன்னால் ஆடியவர்களுக்குப் பகலில் வேறு வேலை: வங்கி, போலீஸ், அரசாங்க அலுவலகம். வேலை முடிந்து சாயங்காலம் பயிற்சி. மழை பெய்தால் தோல் பந்து தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். தலையால் முட்டினவருக்கு ராத்திரி முழுக்கத் தலைவலி. அந்தத் திடலில், அந்தப் பூட்ஸில், அந்த ஓய்வில்லாத உடம்போடு 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கினார்கள். அதற்காக இன்றைய பையன்கள் சொகுசுப் பேர்வழிகள் என்று சொல்வதும் அதே தவறின் மறுபக்கம். இன்றைக்கு ஆட்டம் வேகம். ஆசியாவின் மற்ற நாடுகள் எங்கேயோ போய்விட்டன. தன் காலத்து எதிரிகளைவிட ஒருவர் எவ்வளவு தள்ளி நின்றார் என்று மட்டும் கேட்டால் ஓரளவு நியாயமாகப் பேசலாம்.

மான்செஸ்டர், லிவர்பூல் ஆட்களை இழுத்து வந்து நம் ஆட்களோடு உரசிப் பார்ப்பதைப் பற்றி எழுதவே தோன்றவில்லை. தாண்டிப் போகிறேன்.

செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பது

மொக்தார் 1991இல் நோயால் இறந்தபோது வயது 37. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் போனபோது 35. இருவரையும் நாம் முதுமையில் பார்க்கவில்லை. பயிற்றுநராகத் தோற்று, சங்கத் தேர்தலில் நின்று, தொலைக்காட்சியில் உளறி நம்மிடம் திட்டு வாங்கும் வாய்ப்பு அவர்களுக்கு வரவே இல்லை. உயிரோடு இருந்து வயதானவர்களுக்கு அதெல்லாம் நடந்தது, அதையும் அவர்கள் ஆட்டத்தின் கணக்கில் நாம் கழித்துக்கொள்கிறோம். இது இரண்டு பக்கமும் அநியாயம். பூட்ஸைக் கழற்றிய நாளோடு கணக்கை மூடிவிட வேண்டும். துக்கம் இருக்கட்டும், அது வேறு பக்கம்.

“நம்ம ஆளு”

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். சிறந்த பத்துப் பேர் என்று கேட்டால் பத்தும் தமிழ்ப் பெயராகச் சொல்கிற பெரியவர்கள் நம்மிடையே உண்டு. பெருமையில் தப்பில்லை, நாட்டு ஜெர்சியில் ஒரு ஆறுமுகத்தைப் பார்த்தபோது லயத்து வீட்டுப் பையனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது என்பது உண்மை. ஆனால் தமிழர் என்பதற்காக ஆறுமுகத்தைப் பட்டியலில் வைத்தால் அவருடைய கைகளையும் கால்களையும் அவமதிக்கிறோம். அவர் அங்கே இருப்பது பந்து வருவதற்குள் முன்னே வந்து நின்றதால். அவருக்கு முன்னால் ஒரு சீனரும் ஒரு சீக்கியரும், அவர்களுக்கும் முன்னால் ஒரு மலாய்க்காரரும் நின்றார்கள். அந்த நால்வரில் ஒருவரை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துப் பேசினால் அந்த அணி எப்படி ஆடியது என்பதே புரியாது.

இதன் எதிர்த்திசையில் ஒரு தவறு. “நம்ம ஆளுங்க பந்தை விட்டுட்டாங்க, இப்போ யாரும் இல்லை” என்று பெருமூச்சு விடுவது. 2010 கிண்ண அணியில் எஸ். குனாலன் இருந்தார், பயிற்றுநர் நாற்காலியில் ராஜகோபால் இருந்தார். இந்திய விளையாட்டு மன்றத்தின் அணியிலிருந்து வளர்ந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி, 2021இல் சூப்பர் லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் ஆடியது, பயிற்றுநர் பி. மணியம். பிறகு அந்த அணி லீக்கை விட்டுப் போனது வேறு சோகம். ஆனால் யாரும் இல்லை என்பது பொய்.

குறைந்திருப்பது உண்மை, அதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தொடங்கியது எங்கள் ஊரை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில்தான். அங்கே மட்டுமா, இந்த வட்டாரத்தில் ரப்பரோ செம்பனையோ, எந்தத் தோட்டமானாலும் கோயில், பள்ளி, திடல் மூன்றும் நடக்கும் தூரத்தில் இருந்தன. வேலை விடிகாலையில் தொடங்கி மத்தியானத்தோடு முடியும். சாயங்காலம் முழுக்கத் திடலில். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி, பக்கத்துத் தோட்டத்தோடு தீராப் பகை. பிறகு தோட்டங்கள் கைமாறின, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன, ஆட்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள். அங்கே கார் நிறுத்தவே இடமில்லை, பந்து எங்கே உதைப்பது? ஒரு தலைமுறை பந்தை விட்டுவிட்டது என்று திட்டுவதற்கு முன்னால் திடல் எங்கே போனது என்று கேட்க வேண்டும்.

“வாய்ப்பு மட்டும் கெடைச்சிருந்தா…”

கடைசியாக, தோட்டத்து ஊர்களுக்கே உரிய தவறு. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவர் இருந்திருப்பார். காலையில் பால்மரம் சீவி, சாயங்காலம் வெறுங்காலில் இடது கால் பந்தைக் கம்பத்தின் மூலையில் வைத்தவர். “அவனுக்கு மட்டும் வாய்ப்பு கெடைச்சிருந்தா மொக்தாரு என்ன மொக்தாரு” என்று முடிப்பார்கள். இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது, அதனால் பேச்சு அங்கேயே செத்துவிடும்.

அவரை மொக்தாரோடு நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் தோற்பது அவர்தான். மொக்தார் அர்செனலுக்கு எதிராக அடித்ததற்கு உலகம் சாட்சி, இவர் அடித்ததற்குச் சாட்சி நாலு பேர், அதில் இருவர் இப்போது உயிரோடு இல்லை. அவருக்கென்று தனிப் பட்டியல் போடுங்கள், தோட்டத்துப் பட்டியல். அதற்கு இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. பழைய குழுப் படங்கள் பலர் வீட்டுச் சாமி மேடைக்குப் பக்கத்திலும் அலமாரி அடியிலும் கிடக்கின்றன. அதைக் கடைக்குக் கொண்டுவந்து, பார்த்தவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். “யார் பெரிய ஆட்டக்காரர்?” என்று கேட்காதீர்கள். இடமிருந்து வலமாக யார் யார், எந்த இடத்தில் ஆடினார்கள், எந்தக் கால், அந்தக் கிண்ணத்தை எந்தத் தோட்டத்திடமிருந்து பிடுங்கினார்கள் என்று கேளுங்கள். பதில் வர வர, முதலில் கைப்பேசியில் படம் எடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, அசலின் பின்பக்கம் மெதுவாக எழுதுங்கள். பென்சிலால். பேனா மை முன்பக்கம் கசிந்து முகத்தில் இறங்கிவிடும்.